பழைய ரிக்கார்டுக்கு எந்த ஊசி?

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் பழைய ரிக்கார்டு தேடிப் போனால், மைக்செட்காரர்கள் கைமாற்றிவிட்ட தட்டுகள் நிறையக் கிடைக்கும். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசக் கூழ் ஊற்றுதல் என்று ஊர் ஊராகச் சுற்றி, ஊசியைத் தாங்கும் கை கனத்த பிளேயரில் ஓய்வில்லாமல் ஓடியவை. வீட்டில் போட்டால் முதல் பாட்டு சுமாராகக் கேட்கும். கடைசிப் பாட்டில் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் கரகரக்கும். உடனே விலை கூடிய ஊசிதான் தீர்வு என்று தோன்றும். விலையைப் பார்க்குமுன் அந்த ஊசியின் நுனி என்ன வடிவம் என்று பார்க்க வேண்டும்.

தட்டில் உள்ள பள்ளத்தின் இரு சுவர்களும் 90 டிகிரியில் சந்திக்கின்றன. வைர நுனி பள்ளத்தின் அடியைத் தொடாது. இரு சுவர்களிலும் தாங்கி நிற்கும். கோனிகல் எனப்படும் சாதாரண ஊசியின் நுனி ஓர் உருண்டை, ஆரம் சுமார் 18 மைக்ரான். மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். இந்த ஊசி மலிவு. மாட்டும்போது கொஞ்சம் கோணலானாலும் பெரிய கெடுதல் இல்லை.

தகராறு உள்வட்டத்தில்தான். எல்.பி. எனப்படும் நீண்ட நேரம் ஓடும் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் வினாடிக்கு ஏறக்குறைய 51 செ.மீ. பள்ளம் ஓடும், லேபிள் பக்கம் வந்ததும் 21 செ.மீ.தான். ஆகவே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளம், உள்ளே வெறும் 21 மைக்ரான். அந்த 21-க்குள் வளைந்து திரும்பும் சுவரில் 36 மைக்ரான் விட்டமுள்ள உருண்டை எப்படி நுழையும்? ஏலகிரி மலையின் கொண்டை ஊசி வளைவில் நீள லாரி படும் பாடுதான். 'ச', 'ஸ' ஒலிகளின் பலமெல்லாம் உயர் அதிர்வெண்ணில் இருப்பதால் முதல் அடி அவற்றுக்கு விழுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூலத்தட்டை வெட்டும் கருவியின் முனை உருண்டையல்ல, தட்டையான உளி. அது எப்போதும் ஒரே திசையைப் பார்த்து நிற்பதால், பள்ளம் பக்கவாட்டில் சாயும் இடங்களில் அதன் குறுக்களவு சுருங்கிவிடும். உருண்டை நுனி அங்கே நெருக்குண்டு மேலே எழும், ஒவ்வோர் அலைக்கும் இரண்டு முறை. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியின் அசைவை இரு சேனல் மின்சைகையாக மாற்றும் பகுதி, இந்த மேல்-கீழ் அசைவையும் ஒலியாக்கிவிடும்; பாடியவர் பாடாத ஒன்று பாட்டில் சேரும். 1960-களின் தமிழ் சினிமா ரிக்கார்டுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது ஒரே சேனல். எனவே செலவு செய்யுமுன் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தினால் மேல்-கீழ் அசைவால் வந்த ஒலி இரு சேனலிலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். காசில்லாத வைத்தியம்!

எலிப்டிகல் ஊசி பள்ளத்துக்குக் குறுக்கே 18 மைக்ரான் ஆரத்தையே வைத்துக்கொண்டு, பள்ளம் ஓடும் திசையில் 8 மைக்ரான் அளவுக்கு மெலிகிறது. சின்ன வளைவுகளிலும் நுழையும். ஆனால் சுவரைத் தொடும் பரப்பு கோனிகலைவிடச் சிறியது. ஊசியின் மேல் அதே எடையை ஏற்றினால் சுவருக்கு அழுத்தம் கூடும். அதனால்தான் இதற்குப் பொதுவாக 1.5 முதல் 2 கிராம் வரை மட்டும் வைக்கிறார்கள்.

இந்த முடிச்சை 1970-களின் தொடக்கத்தில் அழகாக அவிழ்த்தவர் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனத்தைச் சேர்ந்த நோரியோ ஷிபாட்டா. அந்த நிறுவனத்தின் சி.டி.-4 என்ற நான்கு சேனல் ரிக்கார்டில், காதுக்கு எட்டாத கூடுதல் சேனல்களின் தகவலைச் சுமக்கும் 30,000 ஹெர்ட்ஸ் ஊர்தி அலை ஒன்று இருந்தது. அதைப் படிக்க நுனி மெலிய வேண்டும். மெலிந்தால் தட்டு தேயும். ஷிபாட்டா ஓட்டத் திசையில் நுனியை மெலியவிட்டு, சுவரின் உயரவாக்கில் நீட்டினார். எடை ஒரு கோட்டில் பரவியது. பின்னால் வந்த மைக்ரோ லைன் போன்ற நுனி வடிவங்களும் இதே வழிதான்.

சரி, மைக்செட் தட்டுக்கு எது? கொஞ்சம் கணக்குப் போடலாம். 18 மைக்ரான் உருண்டை பள்ளத்தின் அடியிலிருந்து சுமார் 13 மைக்ரான் உயரத்தில் சுவரைத் தொடும். பழைய மோனோ எல்.பி. ஊசியின் 25 மைக்ரான் உருண்டை சுமார் 18 மைக்ரான் உயரத்தில் தொடும். முன்பு ஓடிய ஊசி ஒரு பட்டையைத் தேய்த்திருந்தால், வேறு அளவுள்ள நுனி தேயாத இடத்தில் உட்கார வாய்ப்புண்டு. ஷிபாட்டா வகையோ தேய்ந்த இடம், தேயாத இடம், அடியில் படிந்த அழுக்கு எல்லாவற்றையும் தடவும். சில தட்டுகளில் அதனால் லாபம். அடிபட்ட தட்டில் இரைச்சலே கூடலாம். என்னைக் கேட்டால் மைக்செட் தட்டுக்கு இரண்டு அளவு கோனிகல், பத்திரமாக இருந்த ஸ்டீரியோ தட்டுக்கு எலிப்டிகல். ஷிபாட்டா பக்கம் போவதென்றால் ஊசி தட்டில் உட்காரும் கோணத்தை நுணுக்கமாகச் சரிசெய்யத் தெரிந்த கை வேண்டும். சற்றுப் பிசகினாலும் கொடுத்த காசு வீண்.

அப்புறம் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு. அதன் பள்ளம் அகலம். சுமார் 75 மைக்ரான் ஆரமுள்ள நுனி வேண்டும். எல்.பி. ஊசி அதில் அடிமட்டத்துக்கு இறங்கி அழுக்கைத்தான் படிக்கும். பழைய பிளேயர்கள் பலவற்றில் திருப்பிப் போடும் ஊசி இருக்கும்: ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்.பி. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் எந்தப் பக்கம் கீழே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். லென்ஸ் இருந்தால் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டிய இடத்தில் இரு பக்கமும் பட்டை விழுந்து பளிச்சிட்டால் அந்த ஊசியைத் தட்டில் வைக்காதீர்கள்.