மாத்திரை இலவசம், வரிசைக்கு ஒரு நாள் கூலி

எச்.ஐ.வி. மருந்து அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டுமருந்து சிகிச்சை) மையங்களில் 2004 ஏப்ரல் முதல் இலவசம். ஆனால் ராயபுரத்து லோடுமேன் ஒருவர் அதை வாங்க வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. மாத்திரை தவறுவது பல நேரம் இந்தக் கணக்கில்தான். அலட்சியம் என்று எழுதிவிடுவது சுலபம்.

இன்றைய மாத்திரையில் மூன்று மருந்து: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50. முதல் இரண்டும் வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் பிரதி எடுக்க விடாது. மூன்றாவது, அந்தப் பிரதி நம் செல்லின் மரபணுவுக்குள் நுழைய விடாது. ஏற்கெனவே நுழைந்து ஒளிந்திருப்பதை எதுவும் தொடாது. அதனால்தான் நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் கிளம்பிவிடுகிறது. மாதம் 30 மாத்திரையில் ஒன்று விட்டால் போட்டது 96.7 சதவீதம்; இரண்டு விட்டால் 93.3, அதாவது ஒழுங்காகப் போடுவதற்கு அளவுகோலாக வைக்கும் 95 சதவீதக் கோட்டுக்குக் கீழே.

காசிமேட்டு விசைப்படகு பத்து நாள் தங்கல் (கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போகிறதென்றால் பதினைந்து மாத்திரையாவது கையில் வேண்டும். கரை திரும்பும் நாள் யார் கையிலும் இல்லை. ஒற்றை அறை ஹவுசிங் போர்டு வீட்டில் சிக்கல் வேறு: டப்பாவை ஒளிக்க இடமில்லை. சிலர் மாத்திரையை வேறு டப்பாவில் கொட்டி வைக்கிறார்கள். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் பழைய டப்பாவிலேயே தங்கிவிட, மாத்திரை கெடுகிறது. ஸ்டிக்கரைக் கிழித்தால் போதும், டப்பா அப்படியே இருக்கட்டும்.

இதையெல்லாம் சொல்ல அதே தொற்றோடு வாழும் களப்பணியாளரே பொருத்தம். திருநங்கையிடம் இன்னொரு திருநங்கை பேசினால் பேச்சு நீளும். களப்பணியாளர் நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்டாமல் டீக்கடையில் சந்திப்பது நல்லது. புது ஆள் வந்துபோனாலே தெரு கேட்கும். புதிதாக ஒருவருக்குத் தொற்று இருக்கிறதா என்று பார்க்க, விரல் நுனியில் ரத்தம் எடுத்து களப்பணியாளர் செய்யும் பரிசோதனை முதல்கட்டம்தான். நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) மூன்று வெவ்வேறு கிட்களில் உறுதியான பிறகே முடிவு.

காசநோய் சேர்ந்தால் கவனம் கூட வேண்டும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி டோலுடெகிராவிரை வேகமாகக் கரைத்துவிடும். 12 மணி நேரம் தள்ளி இன்னொரு 50 மி.கி. தேவை. டி.பி. மருந்து ஓரிடம், ஏ.ஆர்.டி. வேறிடம் என்றால் அந்த இரண்டாவது மாத்திரைதான் விட்டுப்போகும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிடும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும்: அதற்கு 2 மணி நேரம் முன்னோ, 6 மணி நேரம் பின்னோ மாத்திரை போட வேண்டும்.

வைரல் லோடு, அதாவது ஒரு மில்லி ரத்தத்தில் உள்ள வைரஸ் எண்ணிக்கை, 1000-ஐத் தாண்டினாலும் உடனே மருந்தை மாற்றுவதில்லை. எந்த நாளில், ஏன் தவறியது என்று கேட்டு, சுமார் மூன்று மாதம் ஒழுங்காகப் போட வைத்து மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் குறையாவிட்டால்தான் இரண்டாம் வரிசை மருந்து.