120 மணி நேரம் முடித்தும் சி.டி.ஏ. விண்ணப்பம் ஏன் நிற்கிறது?

அமெரிக்காவில் டேகேர், பிரீஸ்கூல் வேலைக்குப் போக நினைப்பவர்கள் முதலில் கேள்விப்படுவது சி.டி.ஏ. என்கிற ‘சைல்ட் டெவலப்மென்ட் அசோசியேட்’ சான்றிதழ். முதல் சான்றிதழ் 1975இல் கொடுக்கப்பட்டது. 1985 முதல் வாஷிங்டனில் உள்ள ‘கவுன்சில் ஃபார் புரொஃபஷனல் ரெகக்னிஷன்’ இதை நடத்துகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களின் சிறு குழந்தைகளுக்காக அரசு நடத்தும் ஏர்லி ஹெட் ஸ்டார்ட் திட்டத்தில் கைக்குழந்தைகள் வகுப்பு ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதியே இதுதான். ஊரில் பி.இ.யோ எம்.சி.ஏ.வோ முடித்துவிட்டு இங்கே குழந்தைகள் துறைக்கு மாற விரும்பும் நம் பெண்கள் பலருக்கும் இதுவே குறுகிய வழி.

120 மணி நேர வகுப்பு, 480 மணி நேர அனுபவம், ஒரு போர்ட்ஃபோலியோ (உங்கள் பணியைக் காட்டும் தொகுப்புக் கோப்பு), ஒரு நேரடி மதிப்பீடு, ஒரு தேர்வு என்று பட்டியல் எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் விண்ணப்பம் தடைபடும் இடம் பெரும்பாலும் முதல் வரியிலேயே இருக்கிறது. 120 என்பது மொத்தக் கணக்கு மட்டுமல்ல. எட்டுப் பாடப் பகுதிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 மணி நேரம் இருக்க வேண்டும். மீதி 40 மணி நேரம் எந்தப் பகுதியில் இருந்தாலும் சரி.

பகுதிகள் இவை: (1) பாதுகாப்பான, ஆரோக்கியமான சூழலைத் திட்டமிடுதல்; (2) உடல், அறிவு வளர்ச்சி; (3) சமூக, உணர்வு வளர்ச்சி; (4) குடும்பங்களுடன் உறவு; (5) திட்ட நிர்வாகம்; (6) தொழில்முறைப் பொறுப்பு; (7) குழந்தைகளைக் கவனித்துப் பதிவு செய்தல்; (8) குழந்தை வளர்ச்சிக் கோட்பாடுகள்.

டேகேரில் வேலை செய்துகொண்டே வகுப்புகளைச் சேர்த்தவர்களின் கோப்பில் முதல் பகுதி பொங்கி வழியும். மாநில உரிமத்துக்காகக் கட்டாயமாக எடுக்க வைக்கிற ஒவ்வாமை, தொற்று, பாதுகாப்பான தூக்கம் போன்ற வகுப்புகள் எல்லாம் அங்கேதான் போய் விழுகின்றன. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எட்டுப் பகுதிகளில் வரிசையாக 52, 28, 24, 8, 4, 3, 1, 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 130. ஆனாலும் தகுதியில்லை. நான்காவதில் 2, ஐந்தாவதில் 6, ஆறாவதில் 7, ஏழாவதில் 9 என இன்னும் 24 மணி நேரம் படிக்க வேண்டும். இதை விண்ணப்பிக்கும் அன்று கண்டுபிடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். முதல் வகுப்பை முடித்த சான்றிதழ் கைக்கு வந்த அன்றே எட்டுக் கட்டம் போட்ட ஒரு தாளில் எழுதத் தொடங்குங்கள்.

எண்ணிக்கைக்கு அடுத்து, அதை நிரூபிக்க முடிகிறதா என்பது. ஆரம்பக் கல்வி ஆசிரியர்களைத் தயாரிப்பதில் தகுதியுள்ள அமைப்பு நடத்திய வகுப்பு மட்டுமே செல்லும். கம்யூனிட்டி காலேஜ், பல்கலைக்கழகம், மாநிலப் பயிற்சி அமைப்புகள், அங்கீகாரமுள்ள ஆன்லைன் நிறுவனங்கள் ஆகியவை இதில் அடக்கம். மாநாட்டு அமர்வுகளையும், தனி ஆலோசகர் ஒருவர் தன் பெயரில் தரும் சான்றிதழையும் 120க்குள் சேர்க்க முடியாது. எவ்வளவு அருமையான பேச்சாளராக இருந்தாலும் கணக்கில் வராது. சான்றிதழில் உங்கள் பெயர், நிறுவனத்தின் பெயர், தேதி, மணி நேரம், பாடம் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். ‘குழந்தை வளர்ச்சி, 45 மணி நேரம்’ என்று மொட்டையாக ஒரு காகிதம் தந்தால், எந்தப் பகுதிக்கு எத்தனை மணி என்ற பிரிவைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். நிறுவனம் மூடிவிட்டால் பிறகு யாரிடம் கேட்பது? சி.இ.யூ. (தொடர்கல்வி அலகு) என்று எழுதியிருந்தால் ஒன்றுக்கு 10 மணி நேரம்.

வகுப்பில் சேர்வதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. அதைக் கடைசியில் யோசிப்பவர்களே அதிகம். சி.டி.ஏ. ஒரே சான்றிதழ் அல்ல; பிரீஸ்கூல், கைக்குழந்தை மற்றும் நடைபழகும் குழந்தை, வீட்டு டேகேர், வீடு தேடிச் செல்லும் பணி என நான்கு வகை. பிரீஸ்கூல் என்றால் 3 முதல் 5 வயது. கைக்குழந்தை வகை என்றால் பிறந்தது முதல் 36 மாதம் வரை. 480 மணி நேர அனுபவம் அந்த வயதுக் குழந்தைகளுடன், விண்ணப்பிப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தைகளின் அறையில் ஒரு வருடம் நின்றுவிட்டு பிரீஸ்கூல் வகைக்கு விண்ணப்பித்தால் அந்த மணி நேரங்கள் உதவாது.

இடத்துக்கும் நிபந்தனை உண்டு. பிரீஸ்கூல் வகையில், உங்கள் பொறுப்பில் 3 முதல் 5 வயதுக்குள் குறைந்தது 8 குழந்தைகள் இருக்கும்போது மதிப்பீட்டாளர் பார்க்க வேண்டும். மையத்தில் மொத்தம் 10 குழந்தைகளும், வழக்கமாகப் பணிபுரியும் இருவரும் இருக்க வேண்டும். கைக்குழந்தை வகைக்கு 3 குழந்தைகள் போதும். வீட்டு டேகேருக்கு, 5 வயதுக்குட்பட்ட, உங்களுக்கு உறவில்லாத 2 குழந்தைகள் வேண்டும். சொந்தப் பிள்ளையும் நாத்தனார் பிள்ளையும் கணக்கில் சேராது.

எச்4 விசாவில் (எச்1பி விசாவில் வேலை செய்பவரின் துணைக்குத் தரப்படுவது) இருப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். வகுப்பில் சேர்ந்து படிக்கத் தடையில்லை. சிக்கல் அந்த 480 மணி நேரத்தில்தான். அனுபவம் சம்பளத்துடனும் இருக்கலாம், தன்னார்வமாகவும் இருக்கலாம் என்பது கவுன்சிலின் விதி. குடிவரவுச் சட்டம் வேறு. இ.ஏ.டி. எனும் வேலை அனுமதி அட்டை கைக்கு வராமல், ‘சம்பளம் வேண்டாம், சும்மா வருகிறேன்’ என்று தனியார் டேகேரில் போய் நிற்காதீர்கள். சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையை இலவசமாகச் செய்தாலும் அது வேலையாகவே பார்க்கப்படலாம். லாப நோக்குள்ள நிறுவனம் இப்படித் தன்னார்வலரை வைத்துக்கொள்வதைத் தொழிலாளர் சட்டமும் ஏற்பதில்லை. வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அதோடு ஒட்டிய இன்னொரு தலைவலி பெயர். அப்பா பெயர், கணவர் பெயர், இனிஷியல் எனச் சான்றிதழுக்கொரு பெயரும் பாஸ்போர்ட்டில் வேறொன்றும், சிலருக்கு விசாவில் ‘எஃப்.என்.யூ.’வும் (முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்) இருக்கும். தேர்வு பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் தேர்வு மையத்தில் நடக்கிறது. அடையாள அட்டையும் பதிவுப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். முதல் வகுப்பில் பதிவு செய்யும்போதே அடையாள அட்டையில் உள்ளபடி எழுதிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

வகுப்பை முடித்துவிட்டு போர்ட்ஃபோலியோவைத் தனியாகத் தொடங்குவது நேர விரயம். இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள். முதலுதவி மற்றும் குழந்தைகளுக்கான சி.பி.ஆர். சான்றுகள், ஒரு வார உணவுப் பட்டியல், ஒரு வாரப் பாடத் திட்டம், ஒன்பது கற்றல் செயல்பாடுகள், பத்துக் குழந்தைப் புத்தகங்களின் பட்டியல், குடும்பங்களுக்கான உள்ளூர் உதவி விவரங்கள், விபத்துப் படிவம், அவசரகாலப் படிவம், குழந்தையைக் கவனித்து எழுதிய பதிவு, குழந்தை வன்கொடுமையைக் கட்டாயமாகப் புகாரளிக்கும் மாநிலச் சட்டத்தின் சுருக்கம் போன்றவை அதில் வேண்டும். இவற்றோடு ஆறு சிந்தனைக் குறிப்புகளும், குழந்தைக் கல்வி பற்றிய உங்கள் நிலைப்பாடும், பெற்றோர் நிரப்பிய கேள்வித்தாள்களும் சேரும். குடும்ப உறவு வகுப்பு நடக்கும் வாரத்திலேயே உதவி விவரங்களைத் தொகுத்தால் வேலை பாதியாகும்.

அதிகம் தடுமாற வைப்பது ஏழாவது பகுதி. கவனித்துப் பதிவு செய்தல் என்றால் தீர்ப்பு எழுதுவதல்ல. ‘பையன் முரடன், பகிரத் தெரியாது’ என்பது பதிவு இல்லை. ‘காலை 10:15. கட்டைகள் மூலை. பக்கத்தில் இருந்த குழந்தை சிவப்புக் கட்டையை எடுத்ததும் இவன் அதைப் பிடுங்கி, “என்னோடது” என்றான். ஆசிரியர் இன்னொரு கட்டையை நீட்டியதும் வாங்கிக்கொண்டு கோபுரத்தைத் தொடர்ந்தான்’ என்பதுதான் பதிவு. நேரம், இடம், செயல், சொன்ன சொல். இந்த வித்தியாசம் கைவந்தால் தேர்வின் சூழல் சார்ந்த கேள்விகளும் எளிதாகும். வெறும் வீடியோ பார்த்து ‘அடுத்து’ பொத்தானை அமுக்கி 10 மணி நேரத்தை ஓட்டியவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆன்லைன் விண்ணப்பத்துக்கு முன்பே பி.டி. ஸ்பெஷலிஸ்ட் எனப்படும் மதிப்பீட்டாளரைத் தேடி, அவர் சம்மதத்துடன் அடையாள எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். மைய இயக்குநரின் ஒப்புதலும் தேவை. இயக்குநரிடம் கடைசி நாளில் போய் நிற்காதீர்கள். பல மையங்களில் அவர்தான் ஆள் குறையும்போது வகுப்புக்குள் ஓடுகிறவர். விண்ணப்பத்துக்குக் கட்டணமும் உண்டு. பல மாநிலங்களில் டீச் போன்ற உதவித்தொகை இதில் பெரும்பகுதியைத் தருகிறது. கட்டிவிட்டுக் கேட்பதைவிடக் கேட்டுவிட்டுக் கட்டுவது நல்லது.

நேரடி மதிப்பீடு சுமார் நான்கு மணி நேரம்: போர்ட்ஃபோலியோ பார்வை ஒன்று, வகுப்பறையில் உங்களைக் கவனிப்பது இரண்டு, உரையாடல் ஒன்று. தேர்வில் 65 கேள்விகள், 1 மணி 45 நிமிடம்.

கிடைத்த சான்றிதழ் மூன்று ஆண்டுதான் செல்லும். புதுப்பிக்க 45 மணி நேரப் பயிற்சி (அல்லது 4.5 சி.இ.யூ., அல்லது மூன்று கிரெடிட் கல்லூரிப் பாடம்), 80 மணி நேரப் பணி, நடப்பிலுள்ள முதலுதவிச் சான்று, துறைசார் அமைப்பொன்றில் உறுப்பினர் நிலை, ஒரு பரிந்துரை ஆகியவை வேண்டும். பழைய 120இல் மிஞ்சிய மணி நேரங்களை இதில் சேர்க்க முடியாது. சான்றிதழ் வாங்கிய தேதிக்குப் பிறகு, உங்கள் வகைக்கும் வயதுப் பிரிவுக்கும் பொருந்துமாறு எடுத்தவை மட்டுமே செல்லும்.