பழைய காரோட அடிப்பக்கத்தை வீட்லயே ரெடி பண்றீங்களா? பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பழைய கார் வச்சிருக்கற நிறைய பேர் இப்போ வீட்லயே அடிப்பக்கம் முழுக்க சுத்தம் பண்ணி, சஸ்பென்ஷன் புஷ் (இணைப்புகள்ல இருக்கற ரப்பர்), ஷாக் அப்சார்பர், பால் ஜாயின்ட் (குண்டு மாதிரி திரும்பற இணைப்பு) எல்லாம் மாத்தி, துரு பிடிக்காம இருக்க கறுப்பா அண்டர் கோட்டிங் அடிச்சு போட்டோ எடுத்து வைக்கறாங்க. நல்ல விஷயம், வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன். தன் வண்டிக்கு அடியில தானே படுத்துப் பாத்தவருக்குத் தெரியற அளவுக்கு அந்த வண்டியைப் பத்தி வேற யாருக்கும் தெரியாது. ஆனா சஸ்பென்ஷன் வேலையையே தொழிலா பண்றவன்ங்கற முறையில, வீட்ல வேலை முடிச்சு கொஞ்ச நாள்ல எங்ககிட்ட வர்ற வண்டிகள்ல திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் பாக்கறேன், புஷ் புதுசு ஆனா கிழிஞ்சு போயிருக்கும், பெயிண்ட் புதுசு ஆனா அதுக்கு உள்ள தகடு பொரிஞ்சு போயிருக்கும். கழட்டற வேலையையும் பெயிண்ட் வேலையையும் எல்லாரும் பொறுமையா பண்றாங்க. கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான் கோட்டை விடறாங்க.

முதல்ல உயிர் விஷயம். ஜாக்கி வண்டியைத் தூக்கறதுக்கு மட்டும்தான், தாங்கறதுக்கு இல்ல. ஹைட்ராலிக் ஜாக்கிக்குள்ள ஒரு சின்ன ரப்பர் சீல் போனாலே மொத்த வெயிட்டும் கீழ இறங்கிடும், அதுக்கு முன்னாடி எந்த சத்தமும் வராது. தூக்கின உடனே ஜாக் ஸ்டாண்ட் வைங்க, கம்பெனி மேனுவல்ல காட்டியிருக்கற இடத்துல மட்டும் வைங்க, தரை கான்கிரீட்டா சமமா இருக்கணும். செங்கல், ஹாலோ பிளாக் இதெல்லாம் வேண்டவே வேண்டாம், அது கொஞ்சம் கொஞ்சமா நசுங்காது, ஒரே அடியா உடையும். இன்னொண்ணு நிறைய பேர் யோசிக்கறதில்ல, பெரும்பாலான கார்கள்ல ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிட்டா ஹேண்ட் பிரேக் போட்டும் பிரயோஜனம் இல்ல, முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை கொடுக்கணும். அதே மாதிரி முன் சக்கர டிரைவ் வண்டியில டிரைவ் ஷாஃப்டை (சக்கரத்தைச் சுத்த வைக்கற தண்டு) கழட்டிட்டா கியர்ல போட்டு வச்சாலும் வண்டி நிக்காது. ஸ்டாண்ட்ல இறக்கினதும், நீங்க அடியில போறதுக்கு முன்னாடி, வெளிய நின்னு பாடியைப் பிடிச்சு நல்லா ஆட்டிப் பாருங்க. கழட்டின சக்கரத்தை சும்மா ஓரமா சாய்ச்சு வைக்காம வண்டிக்கு அடியில படுக்கப் போடுங்க, ஸ்டாண்ட் நழுவினாலும் பாடி அதுமேல உக்காரும்.

இப்போ துருவுக்கு வருவோம். பழைய வண்டியில துரு வெளிய இருந்து உள்ள போறதை விட உள்ள இருந்து வெளிய வர்றதுதான் அதிகம். கதவுக்குக் கீழ நீளமா ஓடற பாக்ஸ், பின் சக்கரத்துக்கு முன்னாடி ஆர்ம் (சக்கரத்தைப் பாடியோட இணைக்கற இரும்புக் கை) மாட்டற இடம், ஸ்பிரிங் உக்கார்ற கிண்ணம், சப்ஃப்ரேம் (இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கற சட்டம்) போல்ட் ஏறற இடம், ஜாக்கி வைக்கற இடம், இதெல்லாம் ரெண்டு மூணு தகடு சேர்த்து வெல்ட் பண்ணினது, உள்ள வெத்து இடம். தண்ணி வெளிய போறதுக்கு அடியில சின்ன ஓட்டை இருக்கும், சேறும் பழைய அண்டர் கோட்டிங்கும் அதை அடைச்சிடும், தண்ணி உள்ளயே தங்கி வருஷக்கணக்கா அரிக்கும். அதனால முதல் வேலை தேய்க்கறது இல்ல, தட்டறது. சின்ன சுத்தியலால மெதுவா தட்டிக்கிட்டே போங்க, நல்ல தகடு கணீர்னு கேக்கும், அரிச்ச இடம் சொத்துன்னு கேக்கும். சந்தேகமா இருந்தா பழைய ஸ்க்ரூ டிரைவரை வச்சு நல்லா அழுத்துங்க. குத்தினா ஓட்டை விழுந்துடுமேன்னு பயந்து நிறைய பேர் மெதுவா சுரண்டிட்டு விட்டுடறாங்க. ஸ்க்ரூ டிரைவருக்கே தாங்காத தகடு ஒரு பள்ளத்துல சக்கரம் விழற அடியை எப்படித் தாங்கும்? ஓட்டை இப்பவே விழட்டும். அண்டர் கோட்டிங் கெட்டியா ஒட்டியிருக்கு, அதனால உள்ள நல்லா இருக்கும்னு நம்பாதீங்க. தார் மாதிரி இருக்கற பழைய கோட்டிங் வருஷம் ஆக ஆக காஞ்சு வெடிக்கும், அந்த முடி அளவு வெடிப்பு வழியா தண்ணி உள்ள போய் தகடுக்கும் கோட்டிங்குக்கும் நடுவுல தங்கிடும், வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. துரு இரும்பை விட பல மடங்கு இடம் எடுக்கற பொருள், அதனால கோட்டிங் எங்கயாவது லேசா உப்பியிருந்தா அங்க கண்டிப்பா சுரண்டிப் பாக்கணும்.

சுரண்டறதுக்கு ஸ்க்ரேப்பரும் கொஞ்சம் ஹீட் கன் சூடும் போதும், சூடு அளவா இருக்கட்டும், புகை வர அளவுக்குப் போகக்கூடாது. க்ரைண்டர்ல வயர் வீல் போட்டா அந்தக் கம்பிங்க ஊசி மாதிரி பறக்கும், அதுவும் மல்லாக்கப் படுத்திருக்கும்போது எல்லாமே முகத்துக்குத்தான் வரும். சாதா கண்ணாடி பத்தாது, கண்ணாடியும் போட்டு அதுமேல முழு முகத்துக்கும் ஷீல்டு போடுங்க, நல்ல டஸ்ட் மாஸ்க்கும் போடுங்க, ரொம்பப் பழைய வண்டிகள்ல சில கோட்டிங்ல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, அந்தத் தூசி நுரையீரல்ல தங்கினா வெளிய வராது. வெல்டிங்னா இன்னும் ஜாக்கிரதை. அண்டர் கோட்டிங் எரியும், தகடுக்கு மேல் பக்கம் கார்பெட்டும் ஒயரும் இருக்கும், பெட்ரோல் பைப் பக்கத்துலயே ஓடும். முக்கியமா குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு துடைச்ச இடத்துல வெல்டிங் பண்ணவே கூடாது, அந்தச் சூட்டுல பாஸ்ஜீன்ங்கற விஷ வாயு உண்டாகும், கொஞ்சமா சுவாசிச்சாலே ஆபத்து. சஸ்பென்ஷன் மாட்டற இடத்துல, கதவுக்குக் கீழ இருக்கற பாக்ஸ்ல தகடு போயிருந்தா அதை அனுபவம் உள்ள வெல்டர்கிட்ட கொடுத்துடுங்க. அந்த பாக்ஸ்தான் பாடியை நேரா பிடிச்சிருக்கு, முட்டுக் கொடுக்காம வெட்டினா பாடி இறங்கிடும், அப்புறம் கதவு கூட சரியா சாத்தாது. பட்டி போட்டு மூடிட்டு மேல கறுப்பு அடிக்கறதை மட்டும் தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க, அந்த வண்டியை நாளைக்கு வாங்கி குடும்பத்தோட போறவருக்கு அது தெரியவே தெரியாது.

துரு மேல தடவற ரஸ்ட் கன்வர்ட்டர் பத்தி நிறைய கேக்கறாங்க. அதுல இருக்கறது பாஸ்பாரிக் ஆசிட் இல்லன்னா டேனிக் ஆசிட், மேலோட்டமான துருவோட சேர்ந்து அதை அசையாத ஒரு கறுப்புப் படலமா மாத்தும். மெல்லிசா செவந்திருக்கற இடத்துக்கு நல்லாவே வேலை செய்யும். செதில் செதிலா உரியற துருவுக்கு பிரயோஜனமே இல்ல, ஏன்னா மேல் செதில்ல மட்டும்தான் அது ஊறும், அடியில மாறாத துரு அப்படியே இருக்கும். செதிலை எல்லாம் எடுத்துட்டு, கன்வர்ட்டர் போட்டு, நல்லா காஞ்சப்புறம் எபாக்ஸி பிரைமர், அதுமேல கோட்டிங். சாதா பிரைமரோட நிறுத்திட்டு அப்புறமா அடிச்சுக்கலாம்னு மாசக்கணக்கா விடாதீங்க, அது தண்ணியை இழுக்கும். பாக்ஸுக்கு உள்ள பெயிண்ட் போகாது, அங்க கேவிட்டி வேக்ஸ்தான் (துருவைத் தடுக்கற மெழுகு), நீள ட்யூப் நாசில் வச்சு உள்ள விட்டு அடிக்கணும், அடிச்சு முடிச்சதும் தண்ணி போற ஓட்டையை ஒரு கம்பியால குத்தி திறந்து விடணும். எனக்கு கேட்டா வெளிய அடிக்கற கோட்டிங்கை விட இந்த உள் வேக்ஸ்தான் வண்டிக்கு ஆயுசு. பழைய இன்ஜின் ஆயிலை அடியில ஸ்ப்ரே பண்ற பழக்கம் வேண்டாம், ரப்பர் புஷ் ஊறி உப்பி கெட்டுப் போகும், பிரேக்ல பட்டா வண்டி நிக்காது, மண்ணும் கெடும்.

சஸ்பென்ஷன் கழட்டறதுக்கு முந்தின நாளே மரைகளை வயர் பிரஷ்ஷால சுத்தம் பண்ணி பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு வைங்க. ஸ்ட்ரட் டைப் வண்டியில (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணா சேர்ந்தது) பானெட்டைத் திறந்தா மேல பெரும்பாலும் மூணு நட்டு சுத்தி இருக்கும், நடுவுல பெருசா ஒண்ணு இருக்கும். கீழ் போல்ட்டோட சேர்த்து சுத்தி இருக்கறதைக் கழட்டினா ஸ்ட்ரட் மொத்தமா கீழ வரும். நடுவுல இருக்கறதை மட்டும் தொடாதீங்க, அதுதான் அழுத்தி வச்சிருக்கற ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்கற ஒரே நட்டு. ஸ்ட்ரட்டை வெளிய எடுத்து, ஸ்பிரிங் கம்ப்ரஸர் ரெண்டையும் நேரெதிரா மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்னு கையாலயே முறுக்கணும், இம்பாக்ட் கன் கூடாது. ஸ்பிரிங் அதோட இருக்கையில லூசா கையால ஆடினா மட்டும்தான் நடு நட்டைத் தொடணும், அப்பவும் முகத்தை அதுக்கு நேரா வைக்காதீங்க. பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனின்னு இருக்கற வண்டியில இன்னொரு ஆபத்து, ஆர்ம் முழுசா கீழ இறங்காம பிடிச்சிருக்கறது நிறைய டிசைன்ல அந்த ஷாக் அப்சார்பர்தான். ஆர்முக்கு அடியில ஜாக்கி கொடுக்காம அதோட போல்ட்டை உருவினா ஆர்ம் விழும், ஸ்பிரிங் துள்ளி வெளிய வரும்.

புஷ் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க. ரப்பர் புஷ்னா வெளிய ஒரு இரும்பு வளையம், உள்ள ஒரு இரும்புக் குழாய், நடுவுல ரப்பர், ரெண்டு பக்கமும் ரப்பர் இரும்போட ஒட்டியே இருக்கும். போல்ட்டை முறுக்கினதும் உள் குழாய் பிராக்கெட்டோட இறுகிடும், அதுக்கப்புறம் அது சுத்தாது. ஆர்ம் மேலயும் கீழயும் போறது முழுக்க ரப்பர் முறுங்கிக் கொடுக்கறதாலதான். இப்போ நீங்க வண்டியை ஸ்டாண்ட்ல வச்சு, சக்கரம் தொங்கிக்கிட்டு இருக்கும்போது போல்ட்டை முழுசா இறுக்கிட்டா, ரப்பர் அந்தத் தொங்கற நிலைதான் தன்னோட இயல்பான நிலைன்னு எடுத்துக்கும். வண்டியைக் கீழ இறக்கினதும் ஆர்ம் மேல போகும், ரப்பர் பிழிஞ்ச துணி மாதிரி முறுங்கிடும், வண்டி சும்மா நின்னுக்கிட்டு இருந்தாலும் முறுங்கியேதான் இருக்கும். ரோட்ல ஒரு மேடு வந்தா அதுக்கு மேலயும் முறுங்கணும். சில மாசத்துல கிழிஞ்சிடும், வண்டியும் கொஞ்சம் உயரமா நிக்கும், ஓட்டறதுக்கும் கட்டையா இருக்கும். எல்லாரும் பார்ட்ஸ் மட்டம்னு திட்டறாங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் பார்ட்ஸ் மேல தப்பே இல்ல.

செய்ய வேண்டியது இதுதான். வண்டியைத் தூக்கறதுக்கு முன்னாடியே, தரையில நிக்கும்போது, சக்கரத்தோட நடு சென்டர்ல இருந்து மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து நாலு சக்கரத்துக்கும் எழுதி வைங்க. புஷ் போல்ட் எல்லாத்தையும் கையால லூசா மாட்டுங்க, அப்புறம் ஆர்முக்கு அடியில ஜாக்கி கொடுத்து ஹப் (சக்கரம் மாட்டற பாகம்) சென்டர்ல இருந்து ஃபெண்டருக்கு அதே அளவு வர்ற வரைக்கும் மெதுவா தூக்கி, அந்த நிலையில டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கறோம்னு அளந்து காட்டற ஸ்பேனர்) போட்டு இறுக்குங்க. தூக்கும்போது பாடி ஸ்டாண்டை விட்டு எழும்புதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும், எழும்பினா நிறுத்திட்டு சக்கரத்தை மாட்டி ரேம்ப் மேல வண்டியை நிறுத்தி இறுக்கிக்கலாம். ஸ்பிரிங்கும் புதுசு போட்டிருந்தா பழைய அளவு ஒத்து வராது, அப்போ ரேம்ப் வழிதான் சரி, சஸ்பென்ஷனை நாலு தடவை அமுக்கி விட்டு உக்கார வச்சப்புறம் இறுக்குங்க. புஷ்ஷை பிரஸ் பண்ணும்போது வெளி வளையத்துல மட்டும் அழுத்தம் கொடுங்க. ரப்பர்ல வெட்டு இருக்கற புஷ்னா அது எந்தத் திசையைப் பாத்து இருந்ததுன்னு ஆர்ம் மேல முன்னாடியே கோடு போட்டுக்கங்க. பழைய புஷ்ஷை எரிச்சு எடுக்காதீங்க, அந்தப் புகை விஷம்.

நட்டு போல்ட்ல மிச்சம் பிடிக்காதீங்க. போல்ட் தலையில 8.8, 10.9னு போட்டிருக்கும். 8.8னா சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன்ல அறும், அதுல 80 சதவீதம், அதாவது 640 வரைக்கும் நிரந்தரமா நீளாம தாங்கும். துரு பிடிக்காதேன்னு சிலர் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடறாங்க, சாதாரணமா கிடைக்கற ஏ2-70 ரகம் 450லயே நீள ஆரம்பிச்சிடும், சஸ்பென்ஷனுக்கு அது ஆகாது. நைலான் வச்ச லாக் நட்டு, நட்டு கழலாம இருக்க ஓட்டையில குத்தற ஸ்பிளிட் பின், இதெல்லாம் ஒவ்வொரு தடவையும் புதுசுதான். பால் ஜாயின்ட் நட்டுல பின் ஓட்டை நேரா வரலன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கி நேர் பண்ணணும், லூஸ் பண்ணி இல்ல. மேனுவல்ல வேற மாதிரி சொல்லாத வரைக்கும் மரைக்கு கிரீஸ் தடவாதீங்க, உராய்வு குறைஞ்சா அதே டார்க்ல போல்ட் தேவைக்கு மேல இழுபடும். டிரைவ் ஷாஃப்ட் நட்டு இறுக்காம வண்டியை சக்கரத்துல இறக்கினா வீல் பேரிங் கெட்டுடும்.

பிரேக் பைப்பை கிளிப்புக்கு அடியில பாக்கணும், அங்கதான் ஈரம் தங்கி அரிக்கும், கொப்பளம் மாதிரி துரு இருந்தா பைப்பையே மாத்திடுங்க, தேய்ச்சு பெயிண்ட் அடிக்கறது தீர்வு இல்ல. காலிப்பரை (டிஸ்க் பிரேக்கை அழுத்திப் பிடிக்கற பாகம்) அதோட பிரேக் ஹோஸ்ல தொங்க விடாம கம்பியால கட்டி வைங்க. பிரேக் ரப்பரை பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதா கிரீஸ் எதுலயும் துடைக்காதீங்க, உப்பிடும்.

எல்லாம் மாட்டினப்புறம் வண்டியை நகர்த்தறதுக்கு முன்னாடி பிரேக் பெடலை கெட்டியாகற வரைக்கும் மிதிங்க, காலிப்பர் பிஸ்டனை உள்ள தள்ளியிருந்தீங்கன்னா முதல் மிதி நேரா தரைக்குப் போகும். முதல்ல காலியான இடத்துல மெதுவா ஓட்டி பிரேக் பிடிச்சுப் பாருங்க, அப்புறம் நேரா வீல் அலைன்மென்ட்டுக்கு போங்க, லோயர் ஆர்மும், ஸ்டீயரிங்கை சக்கரத்தோட இணைக்கற டை ராட் எண்டும் கழட்டின வண்டியில பழைய செட்டிங் அப்படியே இருக்காது. 50ல இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள வீல் நட்டை ஒரு தடவை டார்க் ரெஞ்ச் போட்டு செக் பண்ணுங்க, பட்டை ஸ்பிரிங் வண்டின்னா அந்த ஸ்பிரிங்கை அச்சோட பிடிச்சிருக்கற யூ போல்ட்டையும் சேர்த்து பாருங்க. முதல் மழை சீசன் முடிஞ்சதும் மறுபடி ஸ்டாண்ட்ல ஏத்தி, கோட்டிங் எங்க உப்பியிருக்கு, தண்ணி ஓட்டை எது அடைச்சிருக்குன்னு டார்ச் அடிச்சு பாத்துட்டு, கல்லு பட்டு உரிஞ்ச இடத்துக்கு உடனே டச் அப் பண்ணிடுங்க.