சொல் விளக்கம்: ஆண்ட்ரோபாஸ் – ஆடவர் மூப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்களில் ஐம்பதைத் தாண்டிய ஆண் ஒருவர் சோர்ந்து உட்கார்ந்தாலும், காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலும், இரவில் தூக்கம் கெட்டாலும் இப்போது ஒரு பெயர் சட்டென்று வந்துவிடுகிறது: ஆண்ட்ரோபாஸ். மருந்து விளம்பரங்கள் அதைச் சொல்கின்றன. பேரப்பிள்ளைகள் கைபேசியில் படித்துவிட்டு வந்து சொல்கிறார்கள். தமிழில் எழுதுவோரும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதைச் சொல்லும் மெனோபாஸை ஒட்டி ‘ஆண்களின் மெனோபாஸ்’ என்றும் ‘ஆண்மை நிறுத்தம்’ என்றும் அதைப் பெயர்த்து வைக்கிறார்கள். இந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அது பிறந்த விதமே பிழை. அந்தப் பிழை நம் வீட்டுப் பெரியவர்களின் உடல்நலத்தில் கை வைக்கிறது.

சொல்லைப் பிரித்தால் இரண்டு கிரேக்கப் பகுதிகள் கிடைக்கும். ‘ஆண்ட்ரோஸ்’ என்றால் ஆணுடைய. ‘பௌசிஸ்’ என்றால் நிற்றல், ஓய்தல். ஒலி ஒத்திருப்பதால் நம் ‘ஆண்’ என்ற சொல்லோடு இதை உறவாக்கிப் பேசத் தோன்றும். ஆனால் கிரேக்கச் சொல்லுக்கு உறவு வடமொழி ‘நர’ என்பதோடுதான். பழங்கிரேக்கர் எவரும் ஆண்ட்ரோபாஸ் என்று சொன்னதில்லை. மெனோபாஸைப் பார்த்துப் பிற்காலத்தில் வார்த்த சொல் இது. மூலமான மெனோபாஸ் என்ற சொல்லை உருவாக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் சார்ல் த கார்தான், ஆண்டு 1821. ‘மென்’ என்றால் மாதம். வடமொழி ‘மாஸ’ வழியாக நம்மிடம் வந்த ‘மாதம்’ அதற்குத் தூரத்து உறவு. மாதந்தோறும் வந்தது நின்றுவிடுகிறது என்பதால் பெண்ணைப் பொறுத்தவரை அது நேர்மையான பெயர். கருமுட்டை முதிர்வது முடிகிறது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சில ஆண்டுகளுக்குள் வெகுவாக இறங்குகிறது.

ஆணுக்கு அப்படி நிற்பது ஒன்றுமில்லை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் நடுவயதிலிருந்து ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் மெல்லக் குறைகிறது. எழுபது வயதிலும் விந்தணு உற்பத்தியாகிறது. ஆக, சொல்லின் பின்பாதிக்கு ஆண் உடலில் பொருளே கிடையாது.

ஆண்ட்ரோபாஸுக்கு முன்னால் ‘ஆண் கிளைமாக்டெரிக்’ என்றொரு வழக்கு இருந்தது. ‘கிளைமாக்டெர்’ என்றால் ஏணிப்படி. 1935-இல் டெஸ்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டது. 1939-இலேயே ஆகஸ்ட் வெர்னர் என்ற அமெரிக்க மருத்துவர் அந்தப் பெயரில் கட்டுரை எழுதிவிட்டார். மருந்து கைக்கு வந்ததும் நோய்க்குப் பெயர் தேடினார்களோ என்று இந்த ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சொல்லை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஒரு மருத்துவச் சமூகவியலாளர், ஜான் மெக்கின்லே. நியூசிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் பாஸ்டனில் பணியாற்றியவர். மருத்துவச் சமூகவியல் என்பது நோயை உடலுக்குள் மட்டும் தேடாமல் வேலை, வருமானம், குடும்பம், பழக்கம் ஆகியவற்றிலும் தேடும் துறை. 1970-களின் நடுவில் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில், இர்விங் ஸோலா என்ற சமூகவியலாளர் சொல்லக் கேட்ட கதை வருகிறது: ஆற்றில் அடித்து வரப்படுகிறவர்களை ஒருவர் பின் ஒருவராகக் கரையேற்றிக்கொண்டே இருக்கும் மருத்துவருக்கு, மேலே யார் இவர்களைத் தள்ளிவிடுகிறார்கள் என்று போய்ப் பார்க்க நேரமே கிடைப்பதில்லை. காவிரிப் பாசனத்துச் சொல்லில் சொன்னால், கடைமடையில் நின்று தவிக்காமல் தலைமடைக்குப் போய்ப் பார் என்கிறார் மெக்கின்லே.

அவரும் புள்ளியியல் அறிஞரான அவருடைய மனைவி சோன்யாவும் 1980-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடுவயதுப் பெண்கள் 2,500 பேருக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்தார்கள். மாதவிடாய் நிற்பதால் பெண்கள் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்ற பழைய நம்பிக்கை பெரும்பாலோருக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்தது. அடுத்து ஆண்கள். 1987 முதல் 1989 வரை பாஸ்டன் வட்டாரத்து 11 ஊர்களில், 40 முதல் 70 வயது வரையிலான 1,709 ஆண்களை அவர்களுடைய வீட்டுக்கே சென்று பார்த்தார்கள். கண் விழித்து நான்கு மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்தார்கள், ஏனென்றால் டெஸ்டோஸ்டிரோன் காலையில் கூடும், மாலையில் குறையும். மருத்துவமனைக்கு வருகிற ஆண்களை மட்டும் எண்ணியிருந்தால் நோயாளிகள்தான் கணக்கில் வந்திருப்பார்கள். மருத்துவரையே எட்டிப் பார்க்காத ஆண்களும் இதில் அடங்கினார்கள் என்பதே இந்த ஆய்வின் பலம்.

முதல் முடிவுகளை வைத்து 1989-இல் எழுதியபோதே, ஆண்களுக்கு மெனோபாஸ் போன்ற ஒரு நோய்நிலை இருப்பதாகச் சொல்வதற்கு உறுதியான அடிப்படை இல்லை என்று மெக்கின்லே குழுவினர் எழுதிவிட்டார்கள். அதே ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் 2007-இல் வெளிவந்த முடிவு ஒன்றைத்தான் நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. மனைவியை இழந்த ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் இறங்கிய அளவு, ஏறத்தாழ பத்து ஆண்டு மூப்பில் இறங்கும் அளவுக்கு நிகராக இருந்தது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் எடைக் குறியீடு நாலைந்து அலகு ஏறினாலும் அதே கதை. அதாவது பிறந்த தேதி மட்டும் ஓர் ஆணை மூப்படையச் செய்வதில்லை.

டர்பனை அடுத்த ஃபீனிக்ஸ் பகுதியில் நான் அறிந்த ஒரு தாத்தாவைச் சொல்கிறேன். கரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. மாத்திரை அட்டைகளைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பார். எந்த மாத்திரை காலையில், எது இரவில் என்று பிரித்துக் கொடுத்தது அவர் மனைவி. அந்த அம்மா காலமான பிறகு கிளினிக் அட்டையில் புதிய தேதி ஒன்றும் ஏறவில்லை. டப்பாவில் பாதி அட்டைகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. “உடம்பு எப்படி இருக்கிறது, தாத்தா?” என்று கேட்டால், “எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்” என்பார். இரவில் சிறுநீர் கழிக்க எத்தனை முறை எழுகிறார் என்பதை மருமகளிடம் அவரால் சொல்ல முடியாது. மகனிடமும் சொல்ல மாட்டார். அவருக்கு ஆண்ட்ரோபாஸ் என்று பெயர் சூட்டி ஹார்மோன் ஊசியைத் தேடி ஓடினால், திறக்காத அந்த டப்பா யார் கண்ணிலும் படாது. தென்னாப்பிரிக்க இந்தியரிடையே நீரிழிவும் இதய நோயும் மிகுதி என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. சோர்வுக்கும் ஆண்குறி விறைப்புக் குறைவுக்கும் முதலில் தேட வேண்டிய இடம் அங்கேதான்.

வயது என்பதே இங்கு எப்படி எழுதப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் டர்பன் அமைந்த நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், சாதி, ஊர் ஆகியவற்றோடு வயதுக்கும் ஒரு கட்டம் இருந்தது. பிறப்புச் சான்று யாரிடம் இருந்தது? எழுத்தர் பார்வைக்கு எத்தனை வயதோ அத்தனை வயது. பின்னாளிலும் சட்டமே ஆணுக்கு ஒரு முதுமையும் பெண்ணுக்கு வேறொரு முதுமையும் வைத்தது. 2006-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க முதியோர் சட்டம், ஆண் என்றால் 65, பெண் என்றால் 60 வயதிலிருந்து முதியவர் என்று வரையறுத்தது. அரசின் முதியோர் உதவித்தொகைக்கும் இதே வேறுபாடு இருந்தது; 2008 முதல் படிப்படியாக இறக்கி, 2010-இல் ஆண்களுக்கும் 60 ஆக்கினார்கள்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘ஆண்மை நிறுத்தம்’, ‘ஆண்மை ஓய்வு’ போன்றவற்றை நான் அடியோடு மறுக்கிறேன். ‘ஆள்’ என்பதன் வழியே ஆளுந்தன்மையையும் குறிக்கும் சொல் ஆண்மை; வேளாண்மையிலும் இருப்பது அதுவே. ‘பிறன்மனை நோக்காத பேராண்மை’ என்று வள்ளுவர் சொன்னது ஒழுக்கத்தின் உறுதியை. இரத்தத்தில் ஒரு ஹார்மோன் குறைந்தால் அது நின்றுபோகும் என்று எழுதுவது பொய். கேட்கிற கிழவருக்கு அவமானமும்கூட. ‘கிழவன்’ என்ற சொல்லுக்கே உரிமையுடையவன், தலைவன் என்ற பொருள் பழந்தமிழில் இருந்தது. கிழமை என்றால் உரிமை.

‘வயோதிகம்’ வடமொழி, வயது மிகுதி என்ற அளவில் நின்றுவிடுகிறது. ‘முதுமை’ ஒரு நிலையைச் சொல்கிறது. ‘மூப்பு’ என்பதோ ‘மூ’ என்ற வினையடியில் பிறந்தது. மூத்தல், மூத்தோர், மூதாளர் எல்லாம் அதன் சுற்றம். நிற்பதைச் சொல்லாமல் நடந்துகொண்டே இருப்பதைச் சொல்லும் சொல். புறநானூற்றின் 243-ஆம் பாட்டில், இளமையில் ஆழ்ந்த மடுவில் பாய்ந்து மணலை அள்ளி வந்த ஒருவர், இப்போது பூண் பிடித்த தடியை ஊன்றி நடுங்கியபடி, ‘இருமிடை மிடைந்த சில சொல்’ பேசும் ‘பெருமூதாளர்’ ஆகிவிட்ட தம் நிலையை நினைக்கிறார். ஆடவர் மூப்பை இதைவிட நெருங்கிக் கண்ட வரிகள் எனக்குத் தெரியாது.

ஆகவே பொது வழக்குக்கு ‘ஆடவர் மூப்பு’ போதும். ஆய்வுத் துறைக்கு ‘ஆடவர் மூப்பியல்’ எனலாம். உண்மையிலேயே குறைபாடுள்ள சிறுபான்மை ஆண்களும் இருக்கிறார்கள். எட்டு ஐரோப்பிய மையங்களில் 40 முதல் 79 வயதுள்ள 3,369 ஆண்களை ஆராய்ந்தபோது, அறிகுறிகளும் இரத்த அளவும் சேர்ந்து பொருந்தியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவே. அவர்களுக்கு ‘டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு’ என்று நோயின் பெயரையே சொல்ல வேண்டும். அது காலையில் எடுத்த இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் எழுத வேண்டிய பெயர். வயது ஏறுவதால் மட்டும் குறையும் அளவுக்கு இந்த ஹார்மோன் மருந்துகள் ஒப்புதல் பெறவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2015-இல் எச்சரித்தது. ஆண்ட்ரோபாஸ் என்ற சொல்லைப் பிறர் கூற்றாக மேற்கோளில் மட்டும் எழுதலாம்.