மணல் மூடிய வயலுக்குத் தனி நிவாரணம்: தென்பெண்ணைக் கரை விவசாயிகளுக்கு

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் மதகு திறந்து பெண்ணேஸ்வரமடம், காவேரிப்பட்டணம், இருமத்தூர் பக்கம் வயலுக்குள் வெள்ளம் ஏறினால் பயிர் அழிவதோடு முடியாது. தண்ணீர் வடிந்ததும் மணலும் வண்டலும் மேவிக் கிடக்கும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் பயிர்ச் சேதம் ஒரு இனம், மணல் அகற்றுவது வேறு இனம். மனுவில் "பயிர் சேதம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் இரண்டாவது தொகை கணக்கிலேயே ஏறாது.

2022–26 நெறிமுறைப்படி, 33 சதவீதமும் அதற்கு மேலும் அழிந்த பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17,000 (ஏக்கருக்குச் சுமார் ரூ.6,880). மானாவாரிக்கு ரூ.8,500, மா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ரூ.22,500. ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரைதான். மல்பெரி வைத்திருப்பவர்கள் மாந்தோப்புக் கணக்கை எதிர்பார்க்க வேண்டாம். அது பட்டு வளர்ப்பு இனத்தில் ரூ.6,000 மட்டுமே. புது விகித ஆணை வந்திருந்தால் அதுவே செல்லும்.

மணல் அகற்ற ஹெக்டேருக்கு ரூ.18,000. மொத்த நிலம் 2 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் இது கிடையாது. படிவு 3 அங்குலத்துக்கு மேல் இருப்பதாக அலுவலர் சான்று தர வேண்டும். வேறு அரசுத் திட்டத்தில் இதே வேலைக்கு உதவி வாங்கியிருக்கவும் கூடாது. ஆறு திசை மாறி நிலத்தின் பெரும்பகுதியையே கொண்டுபோய்விட்டால், சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு ரூ.47,000, அதற்கு வருவாய்ப் பதிவேட்டில் நிலம் அவர் பெயரில் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் காரியம் கெடுவது அவசரத்தில். அடுத்த போகத்துக்கு நேரமாகிறது என்று ஜே.சி.பி. விட்டு வழித்துவிட்டால், வி.ஏ.ஓ.வும் உதவி வேளாண்மை அலுவலரும் வரும்போது அளக்க ஒன்றுமிருக்காது. வயலில் ஐந்தாறு இடத்தில் பழைய உழவு மண் தெரியும்வரை குழி எடுத்து, அளவுகோலை நிறுத்தி, வரப்போ கிணறோ தெரியும்படி படம் பிடியுங்கள். ஓரத்தில் மட்டும் அளந்தால் போதாது. வேகம் குறைகிற இடத்தில்தான் மணல் கனமாகப் படியும். காத்திருக்கவே முடியாதென்றால் ஒரு பாத்தியையாவது தொடாமல் விடுங்கள்.

மனுவில் சர்வே எண், உட்பிரிவு, பயிர், மணல் மூடிய பரப்பு, சராசரி உயரம் எல்லாம் இருக்கட்டும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் இணையுங்கள். அடங்கலில் போன போகப் பயிரே நின்றால் முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்கள். நெல் அழிந்தவருக்கு மானாவாரித் தொகை வருவது இப்படித்தான். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்குதாரர்களின் சம்மதக் கடிதமும் தயாராக இருக்கட்டும். ஆற்றுப் புறம்போக்கில் வைத்த பயிருக்கு மனு நிற்பது கடினம்.

பயிர்க் காப்பீடு இதில் சேராது. தனி வயல் பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணிலோ செயலியிலோ தெரிவிக்க வேண்டும், வி.ஏ.ஓ.விடம் சொன்னது அந்தக் கணக்கில் வராது.

கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் தாசில்தாரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அசையாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கிறது. வழித்த மணலை வரப்பு உயர்த்தப் போட்டுக்கொள்ளலாம். லாரியில் ஏற்றி விற்பதானால் கனிமவளத் துறை அனுமதி வேண்டும்.