பத்திரம் மட்டும் போட்டால் குழந்தை விமானம் ஏறாது

ஈரோடு, திருப்பூர் பக்கம் தத்தெடுப்புக்கான குடும்ப ஆய்வும் ஆலோசனையும்தான் என் வேலை. வெளிநாட்டில் இருந்து வரும் போன்களில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது: "பத்திரம் போட்டாச்சுங்க மேடம், இனி விசா மட்டும்தான் பாக்கி." பேசுகிறவர் டாலஸிலோ நியூ ஜெர்சியிலோ ஐ.டி. வேலையில் இருப்பார். அப்பா அம்மா பெருந்துறைப் பக்கம் தோட்டத்தில். கல்யாணமாகிப் பல வருஷம் மருத்துவம் பார்த்து ஓய்ந்த பிறகு, தம்பிக்கு இரண்டாவதாகப் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்வது என்று பெரியவர்கள் கூடிப் பேசியிருப்பார்கள். குலதெய்வக் கோவிலில் வைத்து மடியில் வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரமும் பதிந்தாயிற்று. ஊரைப் பொறுத்தவரை காரியம் முடிந்தது. விசா ஆபீசைப் பொறுத்தவரை சிக்கலே அங்கிருந்துதான் ஆரம்பம்.

அந்தப் பத்திரம் செல்லாது என்று நான் சொல்லவில்லை. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி அது முறையானதுதான். ஆனால் குழந்தையைக் கடல் தாண்டிக் கூட்டிப்போக அது போதாது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கென்று 1993-இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். இந்தியா 2003-இல் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி, இரண்டு நாட்டு அரசு அமைப்புகளும் முதலில் சம்மதிக்க வேண்டும், தத்தெடுப்பு அதற்குப் பிறகுதான் நடக்க வேண்டும். நம் பக்கம் அந்த அமைப்பு டெல்லியில் உள்ள மத்திய தத்தெடுப்பு வள ஆணையம். 'காரா' என்றால் எல்லோருக்கும் தெரியும். காராவின் தடையில்லாச் சான்று இல்லாமல் குழந்தையை அனுப்ப வழியில்லை.

அமெரிக்கா இன்னும் கறார். ஐ-800ஏ என்ற விண்ணப்பம், இந்தத் தம்பதி தத்தெடுக்கத் தகுந்தவர்களா என்று பார்க்க. அடுத்து வரும் ஐ-800, குறிப்பிட்ட அந்தக் குழந்தைக்காக. இந்த இரண்டாவதற்கு முதற்கட்ட ஒப்புதல் வருவதற்கு முன்பே தத்தெடுப்பை முடித்துவிட்டால், அதுவே விண்ணப்பத்துக்குத் தடையாகிவிடும். பத்திரத்தை எவ்வளவு சீக்கிரம் போட்டார்களோ, அவ்வளவு சீக்கிரம் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று உண்டு. ஐ-800ஏ போட அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டோ எச்-1பி வேலை விசாவோ வைத்திருப்பவருக்கு அந்த வழி கிடையாது. அவர்களுக்குப் பொதுவாக மிஞ்சுவது, குழந்தை இரண்டு வருஷம் அவர்களுடைய சட்டப் பொறுப்பில் கூடவே வாழ்ந்திருக்க வேண்டும் என்கிற விதி. கணவனோ மனைவியோ வேலையை விட்டுவிட்டு வந்து இங்கே குழந்தையோடு இருந்தாக வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். வீட்டுக் கடன் அங்கே, குழந்தை இங்கே. இந்தக் கணக்கைக் கோவிலுக்குப் போவதற்கு முன்னால் போட்டிருந்தால், பாதிப் பேர் வேறு விதமாக முடிவெடுத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். அதனால் முதல் போன் எனக்கு வேண்டாம். நீங்கள் இருக்கிற நாட்டில் குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞருக்குப் போடுங்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும். துபாயில் இருக்கிற மைத்துனருக்கு நடந்தது மினியாபொலிஸில் இருக்கிற உங்களுக்கு நடக்காது.

ஏற்கெனவே பத்திரம் போட்டவர்கள் தயவுசெய்து அதை மறைக்காதீர்கள். 2022 தத்தெடுப்பு விதிமுறைகளில் இப்படிப்பட்டவர்களுக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் சரிபார்த்துச் சான்று கொடுக்கும், அதை வைத்துக் காராவிடம் போகலாம். நாள் பிடிக்கும், ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை.

இன்னும் பத்திரம் போடாதவர்களுக்கு, சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் உறவினர் தத்தெடுப்பு என்ற நேர்வழி உண்டு. குழந்தைக்குப் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி ஆகியோரைத்தான் சட்டம் உறவினர் என்கிறது. நமக்குப் பங்காளி வீட்டுக் குழந்தையும் சொந்தக் குழந்தைதான். சட்டத்துக்கு அப்படியில்லை, ஒன்றுவிட்ட அண்ணன் பிள்ளை என்றால் இந்த வழியில் நுழைய முடியாது. கலெக்டர் அலுவலகத்தோடு சேர்ந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருந்து வந்து, பெற்ற குடும்பத்தின் பின்னணியை விசாரித்து அறிக்கை எழுதுவார்கள். பெற்றவர்கள் சம்மதம் வேண்டும். குழந்தைக்கு ஐந்து வயது ஆகிவிட்டால் அதன் சம்மதமும் வேண்டும். இதை வெறும் சடங்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. கோபி பக்கத்து வீடு ஒன்றில், "பெரியப்பா கூட போறியா கண்ணு?" என்று எல்லோரும் கேட்டுக் கேட்டுத் தலையாட்டப் பழகியிருந்த ஒரு பெண் குழந்தை, தனியாக உட்கார வைத்துக் கேட்டபோது, "அமுச்சியும் வருவாங்களா?" என்றது. அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை, அமுச்சியை, அதாவது அம்மாவின் அம்மாவைப் பற்றித்தான் கேட்டது. அந்தக் குழந்தையைப் பகலெல்லாம் வளர்த்தது அமுச்சிதான் என்பது அதற்குப் பிறகுதான் பேச்சில் வந்தது. அந்தப் பிரிவுக்குக் குழந்தையைத் தயார் செய்யவே தனியாகக் காலம் தேவைப்பட்டது.

உறவில் எடுக்காமல், ஆதரவற்ற குழந்தையை எடுக்க நினைப்பவர்கள் காராவின் இணையதளத்தில் பதிய வேண்டும். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் இங்கே இருப்பவர்களுக்கும் வரிசையில் ஒரே முன்னுரிமைதான். பணம் அதிகம் இருந்தால் முன்னால் போக முடியாது, அமெரிக்காவில் இருப்பதால் பின்னால் தள்ளவும் மாட்டார்கள். 2023-24-இல் நாடு முழுக்க நடந்த தத்தெடுப்பு 4,009. அதில் வெளிநாட்டுக்குப் போனவை 449. பதிந்து காத்திருக்கும் பெற்றோரோ பல்லாயிரம் பேர். ஆரோக்கியமான கைக்குழந்தைதான் வேண்டும் என்றால் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகலாம்.

ஏன் இவ்வளவு நாள் என்று கேட்கிறார்கள். தாமதத்தில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகத் திட்டக்கூடாது. பெற்ற தாய் குழந்தையை ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு 60 நாள் உண்டு. கைவிடப்பட்ட குழந்தை என்றால், இரண்டு வயதுக்குக் கீழே இரண்டு மாதம், அதற்கு மேலே நான்கு மாதம் வரை பெற்றோரைத் தேடிப் பார்த்த பிறகே, தத்துக் கொடுக்கலாம் என்று குழந்தைகள் நலக் குழு அறிவிக்கும். அந்த 60 நாளில் ஒரு நாளைக் குறைக்கச் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது அந்தத் தாயுடையது. ஆனால் எல்லாக் கையெழுத்தும் ஆன ஒரு கோப்பு, ஒருவர் லீவில் போனார் என்பதற்காக ஒரு மேசையில் வாரக்கணக்கில் கிடக்கிறதே, அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். முன்பு தத்து ஆணைக்கு நீதிமன்றம் போக வேண்டும். 2022 செப்டம்பரில் இருந்து அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு வந்துவிட்டது. கலெக்டர் ஆபீசில் போய்க் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

இந்தக் காத்திருப்பு நீளும்போதுதான் அந்த இன்னொரு போன் வரும். "ஒரு நர்ஸ் தெரியும்", "ஆஸ்பத்திரியிலேயே உங்க பேர்ல பிறந்த மாதிரி சர்டிபிகேட் வாங்கிடலாம்." 2019-இல் ராசிபுரத்தில் வெளியான ஆடியோவை நம் பக்கத்தில் கேட்காதவர்கள் குறைவு. ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர் குழந்தையின் நிறம், எடை சொல்லி விலை பேசினார். குழந்தையை வாங்குவதும் விற்பதும் ஐந்து வருஷம் வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர் செய்தால் குறைந்தது மூன்று வருஷம், ஏழு வரை போகலாம். சட்டத்தை விடுங்கள், வெளிநாட்டில் இருப்பவருக்கு நடைமுறையாகவே இது ஆகாது. சந்தேகம் வந்தால் தூதரகம் மரபணுப் பரிசோதனை கேட்கும். அதில் உண்மை வெளியே வரும்போது, யார் கையிலும் இல்லாமல் நடுவில் நிற்பது குழந்தை.

காத்திருக்கிற வீட்டில் நான் அதிகம் பேசுவது பெரியவர்களோடுதான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான முறையான குடும்ப ஆய்வை அந்த நாட்டுத் தத்தெடுப்பு நிறுவனமே செய்துவிடும். நிறுவனம் இல்லாத நாடாக இருந்தால் இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். ஆனால் மனசு தயாராக வேண்டிய இடம் தோட்டத்து வீடு. "எந்தக் கூட்டம்னே தெரியாம எப்படிங்க சாமி கும்பிட வெக்கறது?" என்று ஓர் அப்பத்தா நேராகவே கேட்டார். கூட்டம் என்றால் எங்கள் பக்கம் குலப் பிரிவு. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. தத்து ஆணை வந்துவிட்டால் அந்தக் குழந்தை சட்டப்படி உங்கள் மகன் பிள்ளைதான், சொத்திலும் சரி, பேரிலும் சரி, என்று சொன்னேன். "சொத்து சரிங்க, நோம்பிக்கு வந்தா ஊர்க்காரங்க கேப்பாங்களே?" என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை, மகனும் மருமகளும்தான் சொல்ல வேண்டும், அதுவும் குழந்தை வருவதற்கு முன்னால். பூசி மெழுகி வைத்துக்கொண்டால், பத்து வயதில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் வாயில் இருந்து குழந்தை அதைத் தெரிந்துகொள்ளும்.

குழந்தையும் அந்தப் பக்கம் காத்திருக்கிறது. நாடு முழுவதும் ஒரே பட்டியல் என்பதால் அது சேலத்திலும் இருக்கலாம், ஒடிசாவிலும் இருக்கலாம். மூன்று வயதுக் குழந்தை ஒடியாதான் பேசும். அந்த மொழியில் 'தண்ணீர்', 'வலிக்கிறது', 'பயமாக இருக்கிறது' என்பதை மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள். இல்லத்தில் அது என்ன சாப்பிடுகிறது, எப்படித் தூங்குகிறது என்று ஆயாவிடம் கேளுங்கள், அதிகாரிகளைவிட அவருக்குத்தான் தெரியும். நாலு பேரோடு பாயில் உருண்டு தூங்கிய குழந்தைக்கு முதல் நாளே தனி அறையும் பொம்மைக் கட்டிலும் வேண்டாம். மருத்துவ அறிக்கையை உங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆணை, புதிய பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், விசா என்று எல்லாம் கைக்கு வந்து விமானம் ஏறிய பிறகும் இரண்டு வருஷத்துக்கு அறிக்கைகள் போக வேண்டும்: முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருஷம் ஆறு மாதத்துக்கு ஒன்று. "இன்னும் எதுக்கு மேடம் வேவு பாக்கறாங்க?" என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அந்த அறிக்கைக்காக வருகிற சமூகப் பணியாளரிடம், குழந்தை ராத்திரியில் எழுந்து அழுகிறது, சாப்பாட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறது என்பதையும் சொல்லுங்கள். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று எழுதிக் கொடுத்தால் அவர் கிளம்பிவிடுவார், உங்களுக்கு உதவி கிடைக்காது.