அணிக்கோவை பூச்சியமானால் கணக்கு முடிந்துவிடாது

"அணிக்கோவையின் மதிப்பு பூச்சியம், எனவே தீர்வு இல்லை." பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள்களில் இந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து அடித்துக் கை சலித்துவிட்டது. மூன்று மாறிகளில் அமைந்த மூன்று சமன்பாடுகளைத் தீர்க்கும்போது, பாதிக் கணக்கில் பேனாவை மூடி வைத்தவர்கள் எழுதும் வரி இது. அணிக்கோவை என்பது, மாறிகளைப் பெருக்கும் எண்களான கெழுக்களைச் சதுரமாக அடுக்கி, அதிலிருந்து கணக்கிடும் ஒரே எண்.

மூன்று எண்களின் கூடுதல் 6 என்க. முதல் எண்ணோடு இரண்டாவதன் இருமடங்கையும் மூன்றாவதன் மும்மடங்கையும் கூட்டினால் 14. முதலாவதன் இருமடங்கு, இரண்டாவதன் மும்மடங்கு, மூன்றாவதன் நான்மடங்கு ஆகியவற்றைக் கூட்டினால் 20. கெழுக்களின் அணிக்கோவை பூச்சியம்தான். ஆயினும் 1, 2, 3 என்ற எண்கள் மூன்று சமன்பாடுகளையும் நிறைவு செய்கின்றன, 2, 0, 4 என்பவையும் நிறைவு செய்கின்றன. இனி, 20 என்பதை மட்டும் 21 என மாற்றுங்கள். அணிக்கோவை மாறவில்லை, ஆனால் முதலிரு சமன்பாடுகளைக் கூட்டினால் அதே இடப்பக்கத்துக்கு 20 வருகிறது, மூன்றாவதோ 21 என்கிறது. இப்போதுதான் தீர்வு இல்லை. சுவிஸ் கணிதவியலாளர் கிராமர் 1750இல் வெளியிட்ட விதி, அதாவது அணிக்கோவைகளை வகுத்து மாறிகளைக் காணும் முறை, கெழுக்களின் அணிக்கோவை பூச்சியமாகாதபோது மட்டுமே விடை தரும். பூச்சியமானால் அவ்விதி எதையும் தீர்மானிப்பதில்லை.

இதைவிடப் பிடிவாதமான பிழை, நான்கு அணிக்கோவைகளும் (கெழுக்களுடையது ஒன்று, அதன் நிரல்களை, அதாவது செங்குத்து வரிசைகளை, ஒவ்வொன்றாக வலப்பக்க எண்களால் மாற்றிப் பெறுபவை மூன்று) பூச்சியமானால் எண்ணற்ற தீர்வுகள் உண்டு என்பது. சில தனிப்பயிற்சி வகுப்புகளில் இதைச் சூத்திரமாகவே மனப்பாடம் செய்விக்கிறார்கள். மூன்று எண்களின் கூடுதல் 1, அவற்றின் கூடுதலே 2, அதுவே 3 என்று மூன்று சமன்பாடுகள் எழுதிப் பாருங்கள். எந்த நிரலை மாற்றினாலும் எஞ்சிய இரு நிரல்கள் ஒன்றாகவே இருப்பதால் நான்கும் பூச்சியமாகும். தீர்வோ கிடையாது, ஏனெனில் வரைந்து பார்த்தால் அவை மூன்றும் ஒன்றையொன்று சந்திக்காத இணைத் தளங்கள். இரு நேர்கோடுகளுக்குப் பொருந்தும் குறுக்குவழியைத் தளங்களுக்கும் நீட்டியதால் வந்த வினை இது.

எண்ணற்ற தீர்வுகள் என்றால் எந்த எண்ணும் பொருந்தும் என்று கருதுவோரும் உளர். முதல் கணக்கில் 1, 1, 4 என்று இட்டால் கூடுதல் 6 சரியாக வரும். இரண்டாவது சமன்பாட்டில் 14க்குப் பதில் 15 வந்து நிற்கும்.

ஆகவே, அணிக்கோவை பூச்சியமானதும் விரிவுபடுத்தப்பட்ட அணியை (கெழுக்களோடு வலப்பக்க எண்களையும் சேர்த்த அடுக்கை) எழுதி, ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்; அதாவது கீழே போகப் போக நிரைகளின் தொடக்கத்தில் பூச்சியங்கள் கூடிக்கொண்டே வர வேண்டும். ஏறுபடி வடிவத்தில் பூச்சியமல்லாத நிரைகளின் எண்ணிக்கையே தரம். கெழு அணியின் தரமும் விரிவுபடுத்தப்பட்ட அணியின் தரமும் வேறுபட்டால் தீர்வு இல்லை. சமமாக இருந்து மாறிகளின் எண்ணிக்கையைவிடக் குறைந்தால் எண்ணற்ற தீர்வுகள். கடைசி நிரை முழுவதும் பூச்சியமானதைக் கண்டு, தவறு செய்துவிட்டதாக எண்ணி முழுக் கணக்கையும் அடித்துவிடாதீர்கள். கிடைத்த விடையை மூன்று சமன்பாடுகளிலும் பிரதியிட்டுப் பாருங்கள்; முதலாவதில் மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போகாதீர்கள், தயவுசெய்து.